நம்பவே மாட்டேன் என்கிற பார்ட்டியிடம் வெப்சைட் வேலை: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிங்காநல்லூர்_டெவ்:

தனியாக வெப்சைட் வேலை எடுத்துச் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் பார்ட்டி அவிநாசி பக்கம் செக்கு எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். கடலை, எள், தேங்காய் மூன்று எண்ணெயையும் ஆன்லைனில் விற்க வேண்டுமாம். ஆள் தப்பானவர் இல்லை, பேச்சில் மரியாதை உண்டு. ஆனால் எதையும் நம்ப மாட்டார். அட்வான்ஸ் என்று ஆரம்பித்தாலே "மொதல்ல வேலயக் காட்டுங்க தம்பி, காசு எங்கீங்க ஓடிப்போகுது" என்கிறார். தினமும் ராத்திரி போன், இன்றைக்கு என்ன செய்தாய் என்று. அவருடைய மாப்பிள்ளை பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறார், நான் அனுப்புவதெல்லாம் அங்கே போய் அவர் ஒரு சந்தேகம் கிளப்பினால் மறுநாள் அது என் மேல் குற்றச்சாட்டாக வந்து இறங்குகிறது. பாஸ்வேர்டு எல்லாம் இப்போதே வேண்டும், பணம் மட்டும் கடைசியில்.

"அந்த மாதிரி ஆளை எடுக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்ம பக்கம் பாதிப் பேர் முதல் தடவை இப்படித்தான் பேசுவார்கள், எல்லாரையும் விட்டுவிட்டு யாருக்கு வேலை செய்வது?

திருப்பூர்_நிட்வெப்:

தம்பி, அட்வான்ஸ் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவரிடம் ஒன்று கேளுங்க. இதற்கு முன்னால் வெப்சைட் இருந்ததா, யார் செய்தார்கள், அது இப்போது என்ன ஆச்சு?

நான் பார்த்தவரை இப்படிப் பேசுகிறவர் ஏற்கெனவே சூடு பட்டவராக இருப்பார். திருப்பூரில் இது ஒரே கதைதான், ஆள் மட்டும் மாறுவார். பனியன் கம்பெனிக்கு யாரோ ஒருவர் டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, வாங்கிக் கொடுத்திருப்பார், தன் ஈமெயிலில், தன் பெயரில். கம்பெனிக்காரருக்கு அது தெரியவே தெரியாது, பில் கட்டினோம், நம்முடையது என்று நினைத்திருப்பார். இரண்டு வருடம் கழித்து அந்த ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். டொமைன் காலாவதியாகும். டாட்காம் என்றால் காலாவதியான பிறகும் பெரும்பாலும் கொஞ்ச நாள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம், அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்கத் தனிக் கட்டணம், அதுவும் போனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சைட் போனால்கூடப் பரவாயில்லைங்க, கம்பெனி மெயில் ஐடியும் அதே டொமைனில்தானே ஓடுகிறது. பையர் அனுப்புகிற மெயில் திரும்பிப் போகும். ஷிப்மென்ட் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. இப்படி ஒரு தடவை மாட்டியவர் அடுத்து வருகிற உங்களிடம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவார்?

அதனால் நான் வேலை தொடங்குவதே டொமைனில்தான். ஆபீசுக்கு நேரில் போய் அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, அவர் ஈமெயிலில் கணக்குத் திறந்து, ஓடிபி அவர் போனுக்கு வந்து, பணம் அவர் கார்டிலோ யுபிஐயிலோ போய், உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் கம்பெனி பெயரை அவரையே அடிக்கச் சொல்வேன். பாஸ்வேர்டை அவர் டைரியில் அவரே எழுதிக்கொள்ளட்டும், நான் பார்க்கவே மாட்டேன், எனக்கு வேண்டியது அவர் கொடுக்கிற அனுமதி மட்டும்தான். ஏற்கெனவே டொமைன் இருந்தால் கணக்கின் உள்ளே போய் மூன்று இடத்தைக் காட்டுங்க: யார் பெயர், எந்த ஈமெயில், பாஸ்வேர்டு மறந்தால் எந்த நம்பருக்குச் செய்தி போகும். அந்தக் கடைசி நம்பர் பழைய ஆளுடையதாக இருந்ததை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து தேடினால் பெயர் மறைத்துக் காட்டும், அதை நம்பி உட்காராதீங்க.

இதை முடித்து எழுந்திருக்கும்போது பேச்சே மாறியிருக்கும். அதற்கப்புறம் அட்வான்ஸ் கேளுங்க.

ஈரோட்டுக்காரி:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எல்லா அவநம்பிக்கையும் பழைய டெவலப்பரால் வருவதில்லை. சென்னிமலையில் பெட்ஷீட் விற்கிறவர் ஒருவர் என்னிடம் விலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தாப் பேசச் சொல்லுங்க அம்மணி, கணக்குப் பேசிக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் போனை வாங்கி "வேலை செய்யறது அவங்க, காசும் அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த மாதிரி இடத்தில் டொமைனை அவர் பெயரில் போட்டால் மட்டும் சரியாகிவிடாது, முதல் நாளிலிருந்தே நாம்தான் பேச வேண்டும், விலையை நாம்தான் சொல்ல வேண்டும், ரசீதில் நம் கையெழுத்துதான் இருக்க வேண்டும்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு பக்கத் தாள். தமிழில் எழுதுவேன், அவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை பக்கம், போட்டோ யார் எடுப்பது, ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் யார் டைப் செய்வது, டிசைனில் எத்தனை தடவை மாற்றம், சைட் ஏறிய பிறகு எத்தனை மாதம் இலவசமாகப் பார்த்துக்கொள்வேன், அதற்கப்புறம் எவ்வளவு. போட்டோவைப் பற்றி எழுதாமல் விடவே விடாதீர்கள். ஜவுளிக்காரர்களிடம் பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. டியூப்லைட்டில் போனில் எடுத்த படத்தில் மெரூன் பழுப்பாகத் தெரியும், அவர் போனில் ஒரு நிறம், அவர் மகன் போனில் வேறொரு நிறம், கடைசியில் "நீங்கதான் கலர மாத்திட்டீங்க" என்று வந்து நிற்கும். பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில், ஒரே போனில் எடுக்க வேண்டும் என்று தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

பம்ப்செட்_கணபதி:

நான் டெவலப்பர் இல்லை, உங்களுக்கு வேலை கொடுக்கிறவன். கணபதியில் பம்ப்செட் பாகம் செய்கிற சின்ன யூனிட். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

லேத்தில் வேலை நடந்தால் எனக்குக் கண்ணுக்குத் தெரியும். எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், மெஷின் எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் தெரியும். உங்கள் வேலையில் எனக்கு எதுவுமே தெரியாது. நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தீர்களா, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தீர்களா என்று கண்டுபிடிக்க என்னிடம் வழியே இல்லை. பக்கத்து யூனிட்காரர் எண்ணாயிரத்துக்குச் செய்தேன் என்கிறார், நீங்கள் நாற்பதாயிரம் என்கிறீர்கள், எதில் வித்தியாசம் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்வதில்லை. இதற்கு நடுவில் ஒருவர் வந்து கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன், கேரண்டி என்று காசு வாங்கிக்கொண்டு போனார். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ராத்திரி போன் செய்வது உங்களைத் துன்பப்படுத்த இல்லை. பகலில் ஷாப்பில் நிற்கிறோம், போனில் பேச்சு கேட்காது.

இப்போது எனக்கு வேலை செய்கிற பையன் சனிக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புவார். கூடவே மூன்று வரி, தமிழில்: இந்த வாரம் முடிந்தது இது, அடுத்த வாரம் செய்யப் போவது இது, உங்களிடமிருந்து வர வேண்டியது இது. சனிக்கிழமை நாங்கள் ஆட்களுக்குச் சம்பளம் போடுகிற நாள், கணக்குப் பார்க்கிற மனநிலையில் இருப்போம், அவருக்கும் அன்றைக்கே பணம் போய்விடும். மூன்றாவது வரிதான் முக்கியம். வேலை நின்றால் அது என்னால் நின்றதா அவரால் நின்றதா என்பது அதில் தெரிந்துவிடுகிறது. நான் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பதே நின்றுபோச்சு.

சிங்காநல்லூர்_டெவ்:

கணபதி அண்ணா, ரொம்ப நன்றிங்க. இதை எந்தப் பார்ட்டியும் எங்களிடம் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை.

நிட்வெப் அண்ணா கேட்டதைக் கேட்டேன். முன்னால் ஒரு சைட் இருந்திருக்கிறது. டொமைன் அவர் பெயரில் இல்லை. கூகுள் மேப்பில் ஆலை இருக்கும் இடம்கூடப் பழைய ஆளின் கணக்கில்தான் இருக்கிறது, போன் நம்பரை மாற்றக்கூட முடியவில்லையாம். இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது.

பொள்ளாச்சி_கோட்:

எல்லாரும் பார்ட்டி பக்கமே பேசுகிறீர்கள். நாம் ஏமாறுவதை யார் கேட்பது? தென்னை நார் ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு முழு சைட்டும் முடித்து, பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்த மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை. அதற்கப்புறம் எந்த சைட் செய்தாலும் உள்ளே ஒரு கோடு, அதாவது ஒரு சின்ன புரோகிராம், வைத்துவிடுகிறேன், பணம் வரவில்லை என்றால் சைட் படுத்துவிடும். அவர்களுக்கு நம் மேல் நம்பிக்கை இல்லை என்றால் நமக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? கோபத்தில் சொல்லவில்லை, வாடகை கட்ட வேண்டிய ஆள் சொல்கிறேன்.

சட்டம்_கோவை:

பொள்ளாச்சி நண்பருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்தக் கோடை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒப்படைத்து முடித்த பிறகு, அவர் சர்வரில் ஓடும் சைட்டை அவர் அனுமதி இல்லாமல் முடக்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66 என்று புகார் கொடுக்க அவருக்கு வழி கிடைத்துவிடும். 66ல் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் வர வேண்டிய நீங்கள் சைபர் கிரைம் ஸ்டேஷனில் போய் நிற்பீர்கள். அதோடு பாக்கிக் கணக்கே பேச்சில் இல்லாமல் போய்விடும்.

இதே பாதுகாப்பைச் சட்டத்துக்குள் நின்றே செய்யலாம். கடைசித் தவணை வரும்வரை சைட் உங்கள் சர்வரில், சோதனை முகவரியில் இருக்கட்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஆனால் அவர் டொமைனில் ஏறாது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957ம் உங்கள் பக்கம் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால்தான் கோடு முதலாளிக்குப் போகும், தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர் எழுதினால் எழுதியவரே முதல் உரிமையாளர், அதை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். "முழுப் பணம் வந்தவுடன் உரிமை அனைத்தும் கம்பெனிக்கு" என்று ஈரோட்டு அக்கா சொன்ன தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி அவருக்கும் நல்லது. எத்தனை வருடத்துக்கு என்றும் எழுதுங்கள், காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி உறுதிசெய்யும் பழக்கம் வேண்டும். "அண்ணா, இன்னிக்குப் பேசினபடி கார்ட் பக்கத்துல ரெண்டு மாற்றம், கூடுதல் மூவாயிரம், சரிங்களா" என்று அனுப்பி, அவர் "சரி" போட்டால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவின்படி சான்றிதழோடு இதைச் சாட்சியமாகக் கொடுக்கலாம். போனை மாற்றும்போது உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கரூர்_கணக்கு:

ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன், பண விஷயம் மட்டும் சொல்கிறேன். தனியாக வேலை செய்கிற டெவலப்பரும் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, போடலாம், ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. அதற்குக் காசு கேட்கிற வெப்சைட் எதுவும் அரசினுடையது இல்லை. பதிந்திருந்தால் குறு சிறு நடுத்தரத் தொழில் சட்டம் 2006ன் பாதுகாப்பு வரும். எழுத்தில் எதுவும் பேசாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும், எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் மனு போட்டால் வட்டாரக் கவுன்சிலுக்குப் போகும், நமக்குக் கோவையிலேயே இருக்கிறது. வேலை எடுக்கும் முன்பே பதிந்து வையுங்கள், தகராறு வந்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்கு அது செல்லுமா என்பதே தனி வழக்காகிவிடும்.

ஆனால் வியாபாரிகளிடம் எடுபடுவது வட்டி இல்லை, வருமான வரி விதி. 2023 பட்ஜெட்டில் அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள் கட்டாத பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருடத்தில்தான் காட்டலாம். 2024 மார்ச்சில் ஜவுளிக்காரர்கள் எல்லாம் இதைத்தான் பேசினார்கள். பில்லில் உத்யம் நம்பரை அச்சடித்துவிடுங்கள், மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே போன் செய்து "இத முடிச்சு விட்ருங்க" என்று சொல்வார். நீங்கள் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்று. டிடிஎஸ், அதாவது பில் பணத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி, பிடித்ததைப் பார்த்து "பத்துப் பர்சன்ட் அடிச்சுட்டார்" என்று சண்டைக்குப் போகிற தம்பிகளைப் பார்க்கிறேன். அவர் அதைக் கட்டியிருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் வரும், ரிட்டர்னில் உங்கள் வரியில் கழித்து, மீதி இருந்தால் திரும்ப வாங்கலாம். சந்தேகப்படுகிறது பார்ட்டி மட்டும் இல்லை.

திருப்பூர்_நிட்வெப்:

சட்டம் தெரிந்தவர்கள் சொன்னதை எல்லாம் வைத்துக்கொள்ளுங்க, ஆனால் முதல் சந்திப்பில் பிரிவு நம்பரை எடுத்துப் பேசாதீங்க. இங்கே அது மிரட்டல் மாதிரிதான் காதில் விழும், அதற்கப்புறம் அந்த ஆள் உங்களோடு டீ குடிக்க மாட்டார்.

சோதனை முகவரியை நான் எங்க ஊர்க்காரர்களிடம் கவுண்டர் சாம்பிள் மாதிரி என்றுதான் சொல்வேன். பையர் சாம்பிளுக்கு அப்ரூவல் கொடுத்து சீல் வைத்த பிறகுதானே கட்டிங் போகும்? அதற்கப்புறம் காலர் மாற்று என்றால் அது புது ஆர்டர், புது ரேட். உடனே புரிந்துகொள்வார்கள். டிசைன் அப்ரூவலுக்கு ஒரு கையெழுத்து, அதோடு ஒரு தவணை. முழு அட்வான்ஸ் கேட்பதற்குப் பதிலாக நாலாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெரிதாக எதையும் பணயம் வைப்பதில்லை. பொள்ளாச்சித் தம்பிக்கும் இதையே சொல்கிறேன், கடைசியில் ஒரே மொத்தமாகப் பாக்கி நிற்கிற மாதிரி வைத்தால்தான் போன் எடுக்காமல் போகிற ஆசை வரும்.

தீபாவளிக்கு முந்தின மாதம் தவணை விழாத மாதிரி பார்த்துக்குங்க. போனஸ் நேரத்தில் நல்ல கம்பெனியிடமே கையில் காசு இருக்காது, அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் நல்ல பார்ட்டி போய்விடும்.

பொள்ளாச்சி_கோட்:

கோடு எடுத்துவிடுகிறேன். நாலு தவணை விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் தவணைக்கே சம்மதிக்காதவர்களை என்ன செய்வது?

ஈரோட்டுக்காரி:

டொமைன் அவர் கையில், தாளில் எல்லாம் எழுதியிருக்கிறது, சாம்பிள் பார்க்கலாம், தவணை சின்னது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் முதல் தவணை தர மாட்டேன் என்றால் அது பயம் இல்லைங்க, பயந்தவருக்கு இவ்வளவு போதும். "முழு டிசைனும் சும்மா பண்ணிக் காட்டு, புடிச்சா எடுத்துக்கறேன்" என்கிறவர், எத்தனை எழுதிக் கொடுத்தாலும் மறுநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறவர், பேச்சில் மரியாதை குறைந்தவர், இவர்களை நான் விட்டுவிடுகிறேன். விடும்போது சண்டை போடுவதில்லை. அதுவரை செய்த பங்குக்குப் பில், அவர் கொடுத்த போட்டோ, லோகோ எல்லாம் திரும்ப, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் ரகசியக் குறியீடு தேவைப்பட்டால் அன்றைக்கே. நம்ம பக்கம் மில்லுக்கு மில் சொந்தம், ஒருவரிடம் எப்படி விலகினோம் என்பது அடுத்தவர் காதுக்குப் போய்விடும்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வழி இருக்கிறது தம்பி. அவரைத் தூரத்தில் வைத்துச் சண்டை போடாதீங்க, குரூப்பில் சேர்த்துவிடுங்க. டெக்னிக்கல் அப்ரூவல் அவர் தரட்டும் என்று மாமனார் முன்னாலேயே சொல்லுங்க. கோடையும் பார்க்கக் கொடுங்க. ஒரே நிபந்தனை, குறை இருந்தால் எழுத்தில், தாளில் உள்ள வேலை பற்றி மட்டும். பொறுப்பு கையில் வந்தால் பொத்தாம் பொதுவாகச் சந்தேகம் கிளப்ப முடியாது. வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு இடம் கொடுத்த மாதிரியும் ஆச்சு.

பம்ப்செட்_கணபதி:

மேப் பற்றிச் சொன்னீர்களே, எங்களுக்கும் அதே நடந்தது. மேப்பில் நம் கடையைத் திறந்து உரிமை கோரும் இடத்தில் மனு கொடுத்தால் பழைய ஆளுக்கு மெயில் போகும். 3 நாளில் அவர் பதில் சொல்லாவிட்டால் நாமே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி காட்டுகிறது. அவர் மறுத்தாலும் முறையிடலாம். ஜிஎஸ்டி சான்றிதழ், ஆலையின் போர்டு தெரிகிற போட்டோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆளிடம் கோபமாகப் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடச் சொல்லுங்கள். டொமைனையும் அவரிடமிருந்து கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் புதுப் பெயர் எடுத்துவிடுங்கள், எண்ணெய் வாங்குகிறவர் ஆலை பெயரைத்தான் தேடுவார்.

சிங்காநல்லூர்_டெவ்:

மாப்பிள்ளையோடு பேசிவிட்டேன், நல்ல மனுஷன். அவருக்கும் பழைய சைட் கதையில்தான் கோபம். மாமனார் டொமைன் வேலைக்கு ஆலைக்கே வரச் சொல்லிவிட்டார், முதல் தவணையும் அன்றைக்கே என்றார். இனி பேமென்ட் கேட்வே, அதாவது சைட்டில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் வசதி. அதை என் கணக்கில் போட்டு மாதாமாதம் அவருக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார், பேங்க் போக நேரமில்லையாம்.

கரூர்_கணக்கு:

வேண்டவே வேண்டாம். அவர் விற்பனை உங்கள் வருமானமாகத் தெரியும், ஜிஎஸ்டி கணக்கும் குழம்பும், நாளைக்கு ஒரு ரீஃபண்ட் தகராறு வந்தால் உங்கள் கணக்கைத்தான் நிறுத்துவார்கள். கேட்வே அவருடைய பான், அவருடைய ஜிஎஸ்டி, அவருடைய கரண்ட் அக்கவுண்ட்டில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்துவிடும், பேங்குக்குப் போக வேண்டியிருக்காது. சரிபார்ப்புக்கு நாள் எடுக்கும், அதனால் டிசைனுக்குக் காத்திருக்காமல் டொமைன் வாங்குகிற அன்றைக்கே மனு போடுங்கள். தொடர்பு விவரம், ரீஃபண்ட் விதி, டெலிவரி விதி பக்கங்கள் சைட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிடுகிற பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமமும் கேட்பார்கள், அந்த 14 இலக்க நம்பர் அவரிடம் இருக்கிறதா, இன்னும் செல்லுமா என்று ஆலைக்குப் போனவுடன் முதலில் அதைப் பாருங்கள்.